கடற்கரையை உழுகிறவர்கள்

ரோமாபுரிக் கவிஞர் ஹொரேஸ் ஒரு வக்கீலிடம் யோசனை கேட்கப் போகிறார். வக்கீல் பெயர் ட்ரெபேஷியஸ். ஜூலியஸ் சீசர் காலத்திலேயே பேர் வாங்கிய சட்ட மேதை. "என் கவிதை ரொம்பக் காரம் என்கிறார்கள் சிலர், சாரமே இல்லை என்கிறார்கள் சிலர். நான் என்ன செய்யட்டும்?"

"சும்மா இரு."

"எழுதவே கூடாது என்கிறீர்களா?"

"ஆமாம்."

"அதுதான் உத்தமம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூக்கம் வரமாட்டேன் என்கிறதே!"

வக்கீல் அதற்கும் மருந்து வைத்திருக்கிறார். உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு டைபர் ஆற்றை மூன்று தடவை நீந்திக் கட. ராத்திரி படுக்கப்போகும் முன் வயிறு நிறைய ஒயின் குடி. அப்படியும் அடங்கவில்லை என்றால் இப்போதைய சீசரை, அதாவது பின்னால் அகஸ்டஸ் ஆனவரை, புகழ்ந்து எழுதித் தொலை, நாலு காசாவது கிடைக்கும்.

கி.மு. 30 வாக்கில் எழுதப்பட்ட கவிதையில் வரும் உரையாடல் இது. முதல் தடவை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு யோசித்தால், ஹொரேஸ் அந்த வக்கீலிடம் சொல்வது ஒரு குடிகாரர் டாக்டரிடம் சொல்வதுதான். விடுவது நல்லது என்று தெரியும், விடவும் தயார், ராத்திரியானால்தான் முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. எழுதாதே என்று வக்கீல் சொன்னதை அவர் கவிதையாகவே எழுதி வெளியிட்டுவிட்டார்.

இந்தக் கோளாறுக்குப் பேர் வைத்தவர் ஹொரேஸ் இல்லை. ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்து அதே ஊரில் எழுதிய ஜுவெனல். அவர் எடுத்த சொல் 'ககோஈத்தீஸ்'. லத்தீன்காரர்கள் கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கியது. 'ககோஸ்' என்றால் கெட்ட, 'ஈத்தோஸ்' என்றால் குணம். ஆங்கில அகராதிகளில் இது இன்றும் இருக்கிறது. அடக்க முடியாத, ஆளுக்குக் கேடு செய்கிற உந்துதல் என்று பொருள் போட்டிருப்பார்கள். யாரும் வாயால் உச்சரித்து நான் கேட்டதில்லை.

ஜுவெனல் அதைப் பயன்படுத்திய இடம் அவருடைய ஏழாவது அங்கதக் கவிதை. படிப்பையும் எழுத்தையும் நம்பிப் பிழைப்பவர்களின் பஞ்சப்பாட்டு அது. ஊரறிந்த கவிஞர் ஒருவர் கேபியை என்ற சிற்றூரில் குளியல்கூடத்தைக் குத்தகைக்கு எடுக்கப் பார்க்கிறார். இன்னொருவர் ரோமில் ரொட்டி அடுப்பு. மூன்றாமவர் ஏலம் கூவப் போகிறார். கவிதையை அரங்கேற்ற ஆசைப்பட்டால் பணக்காரப் புரவலர் இடம் தருவார். எந்த இடம்? வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஊர்க்கோடி வீடு. வரிசைக் கடைசியில் உட்கார்ந்து கைதட்டத் தன் ஆட்களையும் அனுப்பிவைப்பார். ஆனால் பெஞ்சு வாடகை, மேடை கட்டும் மரத்துக்கு வாடகை, முன்வரிசையில் போட்டுத் திருப்பித் தரவேண்டிய நாற்காலிகளின் வாடகை எல்லாம் கவிஞர் தலையில்.

சொந்தக் காசில் நூல் வெளியீட்டு விழா நடத்தியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஹால் வாடகை, ஃபிளெக்ஸ், பொன்னாடை, வடை காபி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்தில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. வடை மட்டும் புதிது.

ஸ்டேஷியஸ் என்ற கவிஞரின் கதையும் அதில் வருகிறது. காவியம் படிக்கிறார் என்று தேதி அறிவித்தால் ஊரே ஓடிவரும். கைதட்டலில் பெஞ்சு உடையும். ஆனால் பாரிஸ் என்ற நடனக்காரருக்குப் புதுக் கூத்துப் பாட்டு ஒன்று விற்காவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

அதனால் ஜுவெனல் சொல்கிறார்: பேனாவை முறித்துப் போடு, கண்விழித்து எழுதிய போர்க்களங்களை எல்லாம் அழித்துவிடு. சொன்ன கையோடு தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். நாம் மட்டும் விடுகிறோமா என்ன, வெறும் புழுதியில் சால் ஓட்டுகிறோம், பயிர் விளையாத கடற்கரை மணலை ஏர் பூட்டிப் புரட்டுகிறோம். விலகப் பார்த்தாலும் அந்தக் கெட்ட பழக்கம் சுருக்குப் போட்டு இழுக்கிறது. இதற்கு அடுத்த அடியில்தான் அந்தச் சொல் வருகிறது. எழுதுவது என்ற, தீராத ககோஈத்தீஸ் பலரைப் பிடித்து ஆட்டுகிறது. நோய் கண்ட நெஞ்சுக்குள்ளேயே அது கிழடு தட்டுகிறது.

நம் ஊரில் இதை 'எழுத்து அரிப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்திலும் அரிப்பு என்றுதான் சொல்வார்கள். அரிப்பு சிரிப்புக்கு உதவும். சொறிந்துகொண்டால் சுகம், கொஞ்ச நேரத்தில் அடங்கும், யாரும் அரிப்பில் சாவதில்லை. ஜுவெனல் சொன்னது அரிப்பு இல்லை.

அந்தச் சொல் வைத்தியர்களுடையது. பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரடீஸ் பேரில் வழங்கும் மருத்துவ வாக்கியங்களில் ஒன்று, சுற்றிலும் முடி உதிர்ந்துபோன புண்கள் 'ககோஈத்தீஸ்' என்கிறது. கெட்ட குணமுள்ள புண்கள். ரோமில் திபேரியஸ் ஆட்சிக்காலத்தை ஒட்டி மருத்துவக் கலைக்களஞ்சியம் எழுதிய செல்சஸ் இன்னும் நெருங்கிப் பார்த்திருக்கிறார். புற்று படிப்படியாக வரும் என்கிறார். முதல் படி, கிரேக்கர்கள் ககோஈத்தீஸ் என்று சொல்வது. அதிலிருந்து புண் வைக்காத புற்றுக்கட்டி. அப்புறம் புண். கடைசியில் அந்தப் புண்ணின் மேல் மரு மாதிரி முளைப்பது. இதில் முதல் படியை மட்டும்தான் அகற்ற முடியும். மற்றதைத் தொட்டால் சீண்டிவிட்ட மாதிரி. எவ்வளவு பலமாகக் கைவைக்கிறோமோ அவ்வளவு மூர்க்கமாகும். சிலர் காரமருந்து போட்டுப் பார்த்தார்கள், சிலர் சூடு போட்டார்கள், சிலர் கத்தியால் அறுத்தார்கள், ஒருத்தருக்கும் குணமாகவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சிகிச்சைக்கு அடங்கும் ககோஈத்தீஸ் எது, அடங்காத புற்று எது என்று ஆரம்பத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. காலமும் சோதனையும்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்றைக்கும் ஏதென்ஸில் பயாப்ஸி ரிப்போர்ட் வாங்குகிறவர் தேடுவது இந்தச் சொல்லைத்தான். சாதாக் கட்டிக்கு 'நல்ல குணமுள்ளது' என்று ஒரு சொல், புற்றுக்கட்டிக்கு அதே பழைய 'கெட்ட குணமுள்ளது'. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாக ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அகராதியில் அலங்காரமாகக் கிடக்கிற வார்த்தை அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு குடும்பத்தையே உட்காரவைத்துவிடும்.

ஜுவெனல் வைத்தியச் சொல்லை எடுத்தது வெறும் வர்ணனைக்காக இல்லை என்றே நினைக்கிறேன். எழுதுகிறவன் வீட்டுக்கு அவர் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளைக்கு ஒரு கட்டி இருக்கிறது. நல்லதா கெட்டதா தெரியாது. கைவைத்தால் சீறும். பொறுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பொறுத்துப் பார்க்காத அப்பா ஒருவர் உண்டு. ரோமாபுரிக் கவிஞர் ஓவிட்டின் அப்பா. "எதுக்குடா இந்த ஒன்றுக்கும் உதவாத வேலை? ஹோமரே காசு சேர்த்துவைத்துவிட்டுச் சாகவில்லை" என்று திட்டுவாராம். பையன் பயந்து, இனிமேல் உரைநடைதான் என்று உட்கார்ந்தால், எழுதுவதெல்லாம் தானாகச் சந்தத்தில் வந்து விழுகிறது. இதை ஓவிட்டே எழுதியிருக்கிறார். அப்பா அடித்தபோது "அடிக்காதேப்பா, இனி கவிதை எழுதவே மாட்டேன்" என்று அலறியதும் கவிதையாகத்தான் வந்தது என்பது பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்ட கதை. பொய்யானாலும் பொருத்தமான பொய்.

கி.பி. 8-இல் சக்ரவர்த்தி அகஸ்டஸ் ஓவிட்டைக் கருங்கடல் ஓரத்தில் டோமிஸ் என்ற எல்லையூருக்கு அனுப்பிவிட்டார். இன்றைய ருமேனியாவில் கான்ஸ்டன்ட்சா. காரணம் ஒரு கவிதையும் ஒரு தவறும் என்று ஓவிட் சொல்கிறார். கவிதை, காதல் கலையைக் கற்றுக்கொடுத்த அந்த நூல். தவறு என்னவென்று அவர் வாயைத் திறக்கவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது தன் பெரிய காவியத்தைத் தன் கையாலேயே நெருப்பில் போட்டாராம். ஏற்கெனவே வேறு பிரதிகள் இருந்திருக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். பிரதி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் இவ்வளவு கம்பீரமாக எரிப்பார் என்பது என் அபிப்பிராயம்.

கவிதையால் வாழ்க்கை போனவர் அடுத்து என்ன செய்தார்? கப்பலிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். குளிர்காலக் கடல், புயல், அலை ஏறி வந்து எழுதும் தாளின்மேல் அடிக்கிறது, அந்த ஈரத்தாளிலேயே அடுத்த அடி. போய்ச் சேர்ந்த பிறகு ஒன்பது புத்தகம். அங்கே லத்தீன் தெரிந்தவர் இல்லை. யாருக்கும் படித்துக்காட்ட முடியாத கவிதையை எழுதுவது இருட்டில் அபிநயம் பிடிப்பதற்குச் சமம் என்று ஒரு நண்பருக்கு எழுதுகிறார். அதையும் கவிதையாகவே எழுதுகிறார். உள்ளூர் கெட்டிக் மொழியைக் கற்றுக்கொண்டு அதிலும் ஒன்று எழுதியதாகச் சொல்கிறார். எனக்குக் கேடு செய்தாலும் என் புத்தகங்கள் எனக்கு இனிக்கின்றன, என்னைக் குத்திய ஆயுதத்தையே நேசிக்கிறேன் என்பதும் அவர் வார்த்தைதான். கடைசிவரை மன்னிப்பு வரவில்லை. அங்கேயே செத்தார். செல்சஸின் வார்த்தையில், சூடு போட்டும் அறுத்தும் அடங்காதது.

லண்டனில் இந்தச் சொல்லைத் தூசு தட்டியவர் ஜோசஃப் அடிசன். 1714 ஆகஸ்டில் தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை போட்டார். ஹிப்போக்ரடீஸும் கேலனும் குறிப்பிடாத ஒரு நோய் இருக்கிறது, அது பெரியம்மை மாதிரி அநேகமாக எல்லாரையும் ஒரு தடவையாவது பிடிக்கும், ஆனால் பெரியம்மை ஒரு தடவை வந்துபோனால் திரும்பாது, இது ரத்தத்தில் கலந்துவிட்டால் லேசில் வெளியேறாது என்று. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹிப்போக்ரடீஸ் பேரில் வழங்கும் வாக்கியங்களில் இந்த நோய் இல்லாவிட்டாலும் சொல் இருக்கிறது. இப்படி ககோஈத்தீஸ் படித்தவர்களின் வேடிக்கைச் சொல்லாகிவிட்டது. எழுதுகிற ககோஈத்தீஸுக்குத் துணையாகப் பேசுகிற ககோஈத்தீஸ், குறை கண்டுபிடிக்கிற ககோஈத்தீஸ் என்று வால்கள் முளைத்தன. கட்டி போய் அரிப்பு வந்தது இப்படித்தான். அதற்கு முன் வாரத்தில் ஆறு நாள் பத்திரிகை நடத்தி அதில் பாதிக்குக் கிட்டத்தட்டத் தானே எழுதித் தள்ளிய மனிதர் அடிசன். அவருக்கு இதை அரிப்பு என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்திருக்கும்.

இதை நரம்பியல் கோளாறாகப் பார்த்த கட்டுரை ஒன்று 1974-இல் வந்தது. அமெரிக்க நரம்பியல் டாக்டர்கள் வாக்ஸ்மன், கெஷ்விண்ட் இருவரும், மூளையின் பக்கவாட்டு மடலில் வலிப்பு உள்ள சில நோயாளிகள் அசாத்தியமாக எழுதுவதைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடவுள், ஒழுக்கம், தன் வரலாறு என்று பக்கம் பக்கமாக, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அதற்கு 'ஹைப்பர்கிராஃபியா' என்று பேர். கவிதை நன்றாக வருகிறதா என்பது இதில் கேள்வியே இல்லை. எழுதிக்கொண்டே இருப்பதுதான் அறிகுறி.

2005-இல் மேயோ கிளினிக் டாக்டர்கள் வெளியிட்ட இன்னொரு கட்டுரை எழுத்தைப் பற்றியது இல்லை, ஆனாலும் இங்கே சேர வேண்டியது. பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிட்ட 11 பேருக்குத் திடீரென்று சூதாட்ட வெறி வந்துவிட்டது. பெரும்பாலோர் எடுத்தது டோபமின் என்ற மூளை ரசாயனத்தைப் போல வேலை செய்யும் ஒரே மருந்தை. மாத்திரையை நிறுத்தியோ குறைத்தோ பார்த்ததும் வெறி இறங்கியவர்கள் உண்டு. சம்பாதித்ததையெல்லாம் ஒருவர் தோற்கிறார், வீட்டில் சண்டை, ஊரில் அவமானம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மில்லிகிராம் கணக்கு. இதைப் படித்த பிறகு யாரையும் "மனக்கட்டுப்பாடு இல்லாதவன்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. ஆனால் இதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் ரசாயனம் என்று மூடிவைக்கவும் மனசில்லை. ஹொரேஸுக்கு என்ன மாத்திரை கொடுத்து நிறுத்தியிருக்கலாம்? நிறுத்தியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

எதுவும் மிஞ்சாத கதையும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டேட்டன் என்ற சிற்றூர். ராபர்ட் ஷீல்ட்ஸ் என்று ஒருவர், பாதிரியாராகவும் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியராகவும் இருந்தவர். 1972-இல் தொடங்கி 1997 வரை நாட்குறிப்பு எழுதினார். நாளுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் இல்லை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பதிவு. என்ன சாப்பிட்டார், எந்தத் தபால் வந்தது, எப்போது கழிப்பறைக்குப் போனார், எத்தனை தாள் செலவானது. கனவும் தப்பிவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு மூச்சில் தூங்கமாட்டார். எழுந்து எழுதிவிட்டு மறுபடி படுப்பார். மொத்தம் மூன்றே முக்கால் கோடி வார்த்தை என்று சொல்லப்படுகிறது. 91 அட்டைப்பெட்டி.

1994 ஏப்ரலில் ஒரு சாயங்காலப் பதிவைப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. ஆறரை மணிக்கு அடுப்பில் இரண்டு மக்ரோனி பொட்டலம் வைக்கிறார். 6.35 முதல் 6.50 வரை தட்டச்சு இயந்திரத்தில் நாட்குறிப்பு எழுதுகிறார். அப்புறம் ஏழரை வரை சாப்பாடு. அதன்பின் ஐந்து நிமிஷம், பின்வாசலில் எரிந்துபோன பல்பை மாற்றுகிறார்கள்.

அந்தப் பதினைந்து நிமிஷத்தைப் பாருங்கள். நாட்குறிப்பு எழுதியதை நாட்குறிப்பில் எழுதுகிறார். வாழ்க்கையை விடாமல் பதியவேண்டும் என்று கிளம்பியவருக்கு, பதிவதைத் தவிர வேறு வாழ்க்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அவருடைய பதிவுகளில் பெரிய ரகசியமோ பாவமன்னிப்போ இருப்பதாகத் தெரியவில்லை. எழுதுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களிடம், உயிரோட்டத்தையே அணைத்த மாதிரி ஆகிவிடும் என்ற பொருளில் பதில் சொல்லியிருக்கிறார். 1997-இல் பக்கவாதம் வந்ததும் நின்றுபோனது. 2007-இல் இறந்தார். பெட்டிகள் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இறந்து ஐம்பது வருஷம் ஆகும்வரை யாரும் படிக்கக் கூடாது, வார்த்தைகளைத் துல்லியமாக எண்ணிப் பார்க்கவும் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 2057-இல் யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவர் அதைத் திறந்து, மனித குலம் மக்ரோனி சாப்பிட்ட வரலாற்றை எழுதுவாராக இருக்கும். அன்றைக்கு அதுவே பொக்கிஷமாகிவிடவும் கூடும். செல்சஸ் சொன்ன காலமும் சோதனையும் ஷீல்ட்ஸுக்கு இன்னும் முடியவில்லை.

நம் பக்கத்தில் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் சி. சு. செல்லப்பா. 1959-இல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்து 1970 வரை இழுத்தார். வீட்டு நகை போனது. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக விற்கப் போனார். தமிழில் புதுக்கவிதை காலூன்றியது அந்தப் பத்திரிகையில்தான் என்பதில் அநேகமாக யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. வயதான காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதி அதையும் தானே அச்சுப்போட்டார். 1998-இல் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-இல். தமிழுக்கு அது நல்ல கட்டி. அவர் வீட்டு அடுக்களையிலிருந்து பார்த்தால் என்ன கட்டி என்று இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுவதில்லை. ஜுவெனல் மட்டும்தான் அடுப்பையும் பார்த்தவர்.

இவ்வளவு தூரம் ரோமையும் அமெரிக்காவையும் சுற்றிவிட்டேன். நான் கிட்டத்தில் இருந்து பார்த்த ககோஈத்தீஸ் என் பெரியப்பாவுடையது. அவருக்குக் கவிதை வராது. அவருக்கு வந்தது மனு.

தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மனு தெருமுனைச் சாக்கடைக்காக எழுதியது. மூன்றே வாரத்தில் ஆள் வந்து அடைப்பை எடுத்து, மூடியும் போட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மா இன்றைக்கும் சொல்வாள், "அந்தச் சாக்கடையை அன்னிக்கு எடுக்காமலே விட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்று. அடுத்து தெருவிளக்கு. அது எரிந்தது. அடுத்து ரேஷன் கடை எடைக்கல். அதற்கும் விசாரணை வந்தது. அப்புறம் அவரை நிறுத்த ஆளில்லை. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்பார். வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் அவரை 'மனு ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது அவருக்குப் பொற்காலம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் முப்பது நாளில் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஸ்டாம்பை மொத்தமாக வாங்கி ஐயப்பன் படத்துக்குப் பின்னால் சொருகிவைத்திருப்பார். மனு எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். வெள்ளைத்தாள், கார்பன், அதற்கடியில் பழைய காலண்டர் தாள். நகல் எப்போதும் காலண்டர் தாளின் முதுகில்தான். இடது ஓரம் மூன்று விரல்கடை விட்டு ஸ்கேல் வைத்துக் கோடு. 'பெறுநர்' என்று எழுதி முடித்ததும் ஒரு முறை பேனாவைத் தூக்கிப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவருக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்காது.

ஆனால் சாக்கடையும் விளக்கும் தீர்ந்துபோன பிறகும் கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் ஓர் அறை கூடுதலாக எழுப்பினார், மனு. கோயில் டிரஸ்டி கணக்குக் காட்டவில்லை, மனு. டிரஸ்டி இவருக்கு ஒன்றுவிட்ட மச்சான். சொந்த மாப்பிள்ளை வாங்கிய பிளாட்டுக்கு அப்ரூவல் இல்லை என்று அவருக்கு எப்படியோ தெரிந்தது. அதற்கும் மனு. அத்தனையும் பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு. மொட்டை பெட்டிஷன் எழுதுகிறவனை அவர் மனிதனாகவே மதிக்கமாட்டார். மனுவில் இருந்ததும் அத்தனையும் உண்மை. அந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த அக்கா ஏழெட்டு வருஷம் வீட்டுப் படியேறவில்லை. "உண்மையத்தானே எழுதினேன்" என்பார் பெரியப்பா. "உண்மைய எழுதச் சொல்லி உங்களை யார் கேட்டா?" என்பாள் பெரியம்மா. இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இதைத் தடுக்க ஹொரேஸின் வக்கீல் சொன்ன மாதிரி எல்லா வைத்தியமும் நடந்தது. யோகா வகுப்பில் சேர்த்தார்கள். பயிற்சிக்கூடத்தில் தீயணைப்புக் கருவி இல்லை என்று எழுதினார். காசிக்கு அழைத்துப்போனார்கள், ரயில்வேக்கு எழுதினார். பேரன் பேனாக்களை எல்லாம் ஒளித்துவைத்தான், பென்சிலில் எழுதினார். எந்த வைத்தியம் அவரைச் சீண்டியதோ அதுவே அடுத்த மனு.

தெருவில் அவரைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. விளக்கு எரிகிற பக்கத்து வீடுகளில் ஒரு மாதிரிச் சொல்வார்கள், மாடி கட்டி இடித்த வீட்டில் வேறு மாதிரி. போன வெள்ளத்தில் எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் வடிந்ததற்கு அவர் விடாமல் எழுதி வாங்கிய வடிகால்தான் காரணம். அக்கா அன்றைக்கு ராத்திரி குழந்தைகளோடு வந்து தங்கியதும் இந்த வீட்டில்தான். வந்தாள், தங்கினாள், அப்பாவிடம் பேசவில்லை. நல்ல குணமா கெட்ட குணமா என்று என்னைக் கேட்டால் நான் செல்சஸ் கட்சி.

போன தையில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கொஞ்ச நாளைக்குப் படிக்க வேண்டாம், எழுத வேண்டாம், கண்ணைக் கசக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்க்கப் போயிருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். "யாரு, நீயா? வா. அந்த அலமாரியில தாள் இருக்கு, எடு. ஆஸ்பத்திரியில லிஃப்ட் பக்கத்துல சாய்தளம் இருக்குன்னு அம்புக்குறி போட்டிருக்கான். போனா செவுருதான் இருக்கு. வீல் சேர்ல வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

"பெரியப்பா, டாக்டர் எழுதக் கூடாதுன்னு..."

"நான் எங்கே எழுதுறேன்? நீதானே எழுதப் போறே."

பெரியம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ரத்தம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் ஓரம் விட்டுக் கோடு போட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் சுற்றி வளைத்துக்கொண்டு போனது, அதை இரண்டாக உடைத்துப் படித்துக்காட்டினேன். தலையசைத்தார்.

"நல்லா இருக்கு. கீழே 'நகல்'னு போட்டு முதலமைச்சரின் தனிப்பிரிவு, மாவட்ட ஆட்சியர், சுகாதாரத் துறைச் செயலாளர்னு எழுது. 'துறை'க்கு அப்புறம் 'ச்' வரும், விட்டுடாதே."